மைசூரில் பிறந்த கடல்குதிரைகள்

அந்த வருஷம் கோடை முழுக்க, எங்கள் அத்தானுக்குத் தீராத மலச்சிக்கல் என்று மைசூரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு அத்தானைத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களும் நம்பியிருப்பார்கள்.

நான் செய்ததெல்லாம் மருந்துக்கடைக்குப் போய்ப் பேதி உப்பு வாங்கியதுதான். சிறு பொட்டலமாகக் கட்டி விற்கிற சரக்கை நான் துணிப்பை கொண்டுபோய்க் கேட்டேன். பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

"ஏனம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார்.

"இல்லை, வீட்டுக்கு."

"இஷ்டொந்தா! இவ்வளவா! வீட்டில எத்தனை பேரு?"

"பெரியவங்க மூணு பேர், ஒரு கைக்குழந்தை. ஆனா இது அத்தானுக்கு மட்டும்தான்."

ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போய் அதே அளவு வாங்கினேன். மூன்றாவது வாரம் நான் படியேறும்போதே கடைக்காரர் தராசை எடுத்து வைத்துவிட்டு, "இன்னும் குணமாகலையா?" என்று மனசார வருத்தப்பட்டார்.

அத்தான் கல்லூரியில் விலங்கியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்குத் தவளையும் கரப்பானும் அறுத்துக் காட்டுவது அவர் வேலை. நாங்கள் மூவருமே தூத்துக்குடிக்காரர்கள். அக்காவைக் கல்யாணம் செய்து மைசூருக்கு அழைத்து வந்தார்; எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் நானும் அவர்களோடு நஜர்பாத் வாடகை வீட்டில் வந்து சேர்ந்துகொண்டேன். கடற்கரையில் பிறந்துவிட்டு மைசூரில் குடியிருப்பவனுக்கு இரண்டு ஏக்கம் இருக்கும். ஒன்று, நல்ல மீன் கிடைக்காத ஏக்கம். அது அக்காவுக்கு. இன்னொன்று, கடலே இல்லாத ஏக்கம். அது அத்தானுக்கு.

ஒருநாள் ஆசிரியர் அறையில் அவருடைய பேராசிரியர் தேநீர் குடித்துக்கொண்டே, மைசூருக்குக் கடல்மீன் இரண்டே வழியில்தான் வரும், கருவாடாக வரும், இல்லாவிட்டால் ஸ்பிரிட் பாட்டிலில் வரும் என்று சொல்லிச் சிரித்தாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அத்தானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எழுந்து நின்று, "உயிரோடும் வரும் சார். வளரவும் செய்யும். இந்தத் தசராப் பொருட்காட்சியிலேயே காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபோது அவரிடம் மீனும் இல்லை, தொட்டியும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன மீனு? சீலாவா, விளமீனா?"

முதல் முயற்சியில் ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் இரண்டு கண்ணாடிக் குடுவையில் கடல்தண்ணீரும் மீன்களும் கொண்டுவந்தார். மைசூர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மறுநாள் மதியம் அதுவும் மல்லாந்தது. அத்தான் அதை வெள்ளைத் தட்டில் கிடத்தி, அளவுகோலால் அளந்து, செதிலை எண்ணி, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா வாசற்படியில் நின்று, "அளந்தாச்சா?" என்றாள்.

"ம்."

"எண்ணியாச்சா?"

"ம்."

"அப்போ குடுங்க. புளி கரைச்சாச்சு."

அத்தான் முதலில் துக்கம் காத்தார். மாங்காய் போட்ட குழம்பின் வாசனை வந்ததும் தலைப்பகுதி தனக்கு வேண்டும் என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் அவருக்குத் தெளிவு வந்தது. குடுவைத் தண்ணீர் கெட்டுத்தான் மீன் செத்திருக்கிறது. மாற்ற வேறு கடல்தண்ணீர் வேண்டும். அதற்காக வாரந்தோறும் தூத்துக்குடிக்குப் போக முடியாது. எனவே கடலை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். உப்பளத்தில் உப்பு எடுக்கும்போது கசப்புச் சாரமெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது, அதையும் திரும்பச் சேர்த்தால்தான் மீனுக்கு அது கடல் என்றார். அந்தக் கசப்பில் பெரிய பங்குதான் பேதி உப்பு. மற்ற உப்புகளைக் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கினார். பேதி உப்பு மட்டும் என் பொறுப்பானது.

செய்தி மருந்துக்கடையிலிருந்து கல்லூரிக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. திடீரென்று அத்தான் மேஜைமேல் பழுத்த பப்பாளிகள் தோன்றத் தொடங்கின. யார் வைக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் பேராசிரியரே அவரைத் தனியாக அழைத்து, விடியற்காலையில் வெந்நீர் குடித்துவிட்டு குக்கரஹள்ளி ஏரியை ஒரு சுற்று வேகமாக நடந்தால் நல்லது என்று தோளில் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

"அவர் ஏன் என் வயித்தைப் பத்தி விசாரிக்காரு?" என்று அத்தான் சாப்பிடும்போது கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "சொல்லிரட்டா?" என்று கண்ணால் கேட்டேன். அவர் கை கழுவ எழுந்து போனதும் அக்கா என் காதில், "சும்மா இருட்டி. பப்பாளி நல்லா இனிக்கி" என்றாள்.

கரைத்த தண்ணீர் கடல் அளவுக்குக் கனமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது பால்காரர் பாலில் தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடிக்க வாங்கிய லாக்டோமீட்டர்தான். அதுவே போதும் என்றார் அத்தான். முற்றத்தில் உட்கார்ந்து உப்புத்தண்ணீரில் அதை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பால்காரர் வந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பாலைவிட அந்தத் தண்ணீரில் கருவி உயர்ந்து நின்றதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதைக் கருவியே சொல்லிவிட்டது. மறுநாளிலிருந்து வந்த பாலில் தோசைக்கல் அளவுக்கு ஆடை கட்டியது.

அந்தக் கோடை முடியும்போது குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக எல்லோரும் ஊருக்குப் போனோம். திரும்பி வரும்போது அத்தான் கடல்குதிரைகளைக் கொண்டுவந்தார். வலையில் சிக்கினால் மீனவர்கள் தூக்கி எறிகிற ஜீவன். விரல் நீளம், குதிரை முகம், குரங்கு வால். பார்த்தால் மீன் என்று தோன்றாது, ஆனால் செவுளும் துடுப்பும் உள்ள அசல் மீன். அது அதிகம் நீந்தாது, எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு நிற்கும், சின்ன இடமே போதும் என்பது அவர் சொன்ன காரணம். அக்கா அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, வெறும் முள்ளு" என்றது அவர் சொல்லாத காரணம்.

மூன்று இடத்தில் வண்டி மாறினோம். அக்கா மடியில் குழந்தை, அத்தான் மடியில் ஜாடி, என் மடியில் காற்றடித்த மோட்டார் டயர் டியூப். அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியாக ஜாடிக்குள் குமிழி குமிழியாகக் காற்று போகும். டியூப் தளர்ந்தால் சைக்கிள் பம்ப்பால் அடிக்க வேண்டும். எதிர் ஸீட்டில் இருந்தவர் ஜாடியைப் பார்த்து, "ஊறுகாயா?" என்று கேட்டார். "ஆமா, இன்னும் ஊறல" என்றாள் அக்கா. அத்தான் உண்மையை விளக்க ஆரம்பித்தார். விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த ஆண்களெல்லாம் முறைவைத்துப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை எல்லாம் உயிரோடு வந்து சேர்ந்தன. கொண்டுவந்த கடல்தண்ணீரையும் வீட்டில் செய்த தண்ணீரையும் கலந்து, கடல் மணலை அடியில் பரப்பிய பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டார். அவை தென்னங்கயிற்றுத் துண்டுகளை வாலால் பற்றிக்கொண்டு நின்றன. ஆனால் எதையும் தின்னவில்லை. காய்ந்த இறாலை அரைத்துப் போட்டார், மண்புழுவை நறுக்கிப் போட்டார். கண்ணை மட்டும் உருட்டின. உயிரோடு நெளிகிற இரைதான் வேண்டும் என்று தெரிந்தபோது ஒன்று ஏற்கெனவே இளைத்துக் கிடந்தது. அத்தான் கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய சட்டித் தண்ணீரிலிருந்து நாலு கொசுப்புழுவை எடுத்து விட்டார். ஒரு குதிரை கழுத்தை வளைத்தது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். புழுவைக் காணோம்.

அதற்குப் பிறகு எங்கள் கொல்லையில் கொசுப் பண்ணை. வரிசையாகப் பானைகள், ஒவ்வொன்றிலும் ஊறிய வைக்கோல். மைசூரில் அப்போது மலேரியாவுக்கு எதிராக மும்முரமாக வேலை நடந்துகொண்டிருந்தது. வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைக் கொட்டி மண்ணெண்ணெய் தெளித்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த இன்ஸ்பெக்டர் தமிழ் பேசும் கொள்ளேகாலத்துக்காரர், காக்கிச் சட்டை, மேலே தொப்பி, கையில் மண்ணெண்ணெய் டின். கொல்லைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மா, பானை பானையாப் புழு நெளியுதுங்களே! கைக்கொழந்தை இருக்கற வூடு. கொசு வளத்தறீங்களா?"

அக்காவுக்கு ஏற்கெனவே கோபம். குழந்தையின் கன்னத்தில் இரண்டு தடிப்பு. "நான் வளக்கல. அவிய மீன் வளக்காவ, மீனுக்குக் கொசு வளக்காவ, கொசுவுக்கு எம்பிள்ளைய வளக்காவ. உள்ள இருக்காவ, போய்க் கேளுங்க!" என்றாள்.

அவர் டின்னோடு உள்ளே வந்தார். அத்தான் தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, "அதை வெளியே வச்சிட்டு வாங்க! ஒரு சொட்டு விழுந்தா எல்லாம் போச்சு!" என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் பயந்துபோய் டின்னை வாசலில் வைத்துவிட்டு வந்தார். சட்டம் பேச வாயெடுத்தார். அதற்குள் அத்தான் ஒரு புழுவைத் தொட்டிக்குள் விட்டார். டிக்.

"அட! இதென்னுங்க! ஒரு கண்ணு புழுவப் பாக்குது, இன்னொரு கண்ணு என்னையப் பாக்குதுங்க!"

"ரெண்டு கண்ணும் தனித்தனியாச் சுழலும்."

"இன்னொண்ணு போடுங்க."

மதியச் சாப்பாட்டு நேரம் வரை அவர் அங்கேயே குந்தியிருந்தார். எழுந்தபோது தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். பானைகளைக் கொட்டியே ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. "ஆனா புழுவுக்கு நீங்க கவலைப்படாதீங்க. எப்படியும் நான் ஊரெல்லாம் தேடித் தேடிக் கொல்லறதுதானுங்க. இங்க வந்து சாகட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் தூக்குப் போகணியோடு வந்தார். எங்கே பிடித்தது என்ற விவரமும் வரும். குதிரை லாயத் தொட்டியிலிருந்து, ஒரு கல்யாண சத்திரத்து அண்டாவிலிருந்து. ஒருநாள் ரகசியமாக, "இன்னைக்கு ஒரு பெரிய அதிகாரி பங்களாப் பூந்தொட்டியிலிருந்துங்க. பாருங்க, எப்படிக் கொழுத்திருக்குதுன்னு" என்றார். காப்பிக்கு முன்னால் பம்ப் என்பது எங்கள் வீட்டு விதி. இப்போது தொட்டிக்குக் குமிழி விடுகிற அந்த டியூபுக்கு, யாரும் சொல்லாமலே காற்றடித்துவிட்டுத்தான் அவர் உட்காருவார்.

ஒரு குதிரைக்கு மட்டும் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நீர் கோத்துக்கொண்டது என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகிய வயிறு. அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "கர்ப்பம்" என்றார்.

"அடப் பாவமே. தாய் நல்லா இருக்கணும்" என்றாள் அக்கா.

"தாய் இல்ல. இது தகப்பன்."

அக்கா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள். "என்ன சொன்னிய?"

அத்தான் விளக்கினார். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் போட்டுவிடும். அதற்குப் பிறகு காப்பதும் சுமப்பதும் பெறுவதும் ஆண்தான்.

"பொம்பள?"

"காலையில ஒரு தடவை பக்கத்துல வந்து பாத்துட்டுப் போவும்."

"அது போதும்" என்றாள் அக்கா. பெண் குதிரை நின்ற மூலையை மரியாதையோடு பார்த்தாள். பிறகு குழந்தையை அத்தான் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அந்த வாரம் முழுக்கக் குழந்தை அழுதாலும் சரி, துணியை நனைத்தாலும் சரி, "அங்க ஒரு ஆம்பள நிக்கி, அதப் பாருங்க" என்று தொட்டியைக் காட்டினாள். அத்தான் துணி மாற்றக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

ஒருநாள் ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நின்று, "சீக்கிரம் வாட்டி, அதுக்கு வலி வந்திட்டு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். ஆண் குதிரை நிறம் வெளிறி, வாலால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பழக்கதோஷம், நான் தொட்டிக்கு அருகில் குனிந்து, "மூச்ச இழுத்து விடு, பதறாத" என்றேன். போகணியோடு அங்கே நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆம்பளையோட பிரசவத்த ஆம்பள பாக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பையின் வாய் திறந்தது. புகை மாதிரி ஒரு பொட்டு; அதற்குள் பத்திருபது குஞ்சுகள். மறுபடி ஒரு மடங்கல், இன்னும் ஒரு கொத்து. நகக்கண் அளவு கூட இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் முழுக் குதிரை. முகமும் வாலும் எல்லாம் சரியாக இருந்தன. அத்தான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். "காத்தடிங்க!" என்று அக்கா அதட்டிய பிறகுதான் பம்ப்பைத் தேடினார்.

பெற்றதைக் கொண்டாடியது ஒரு நாள்தான். குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். கொசுப்புழு அவற்றுக்கு மலைப்பாம்பு மாதிரி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற ஏரிப் பூச்சிகள்தான் சரி என்று அத்தான் சொல்ல, இன்ஸ்பெக்டர் முழங்கால் வரை குக்கரஹள்ளி ஏரியில் இறங்கி மல்துணியால் வடித்துக் கொண்டுவந்தார். அப்படியும் ஒவ்வொரு நாள் காலையிலும் மணல்மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிய சொட்டுக் குழாயால் நான் அவற்றை எடுத்துவிடுவேன். அத்தான் அந்த நேரம் அந்தப் பக்கம் வரமாட்டார். ஒருநாள் முகம் கழுவாமல், கல்லூரிக்கும் போகாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அக்கா கிண்டல் எதுவும் செய்யவில்லை. காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு நாளைக்கு எத்தன தடவ தீனி போடுதிய?"

"காலையில ஒரு தடவ. நிறையத்தான் போடுதேன்."

"நான் எம்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவயா பால் குடுக்கேன்?"

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஏரிப் பூச்சி உப்புத்தண்ணீரில் கொஞ்ச நேரம்தான் துள்ளும். அதற்குப் பிறகு செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். குஞ்சுகளோ செத்ததைத் தொடாது. அன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அக்காவே ஒரு கரண்டி ஏரித் தண்ணீரும் விட்டாள். ஒன்றின் வாலை ஒன்று பிடித்து மூழ்கிக்கொண்டிருந்த குஞ்சுகளுக்குப் பழைய கொசுவலையைக் கிழித்துத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரத்துக்குப் பிறகு சாவு நின்றது. பத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேறின. தசரா வந்தபோது அவை என் சுண்டுவிரல் நீளம் இருந்தன.

பொருட்காட்சிக்குத் தொட்டியை ஜட்காவில் கொண்டுபோனோம். உள்ளே என்ன என்று வண்டிக்காரர் கேட்டார். "குதிரை" என்றேன். தன் குதிரையைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது பட்டுக்கூடுகளுக்கும் ஒரு ராட்சசப் பூசணிக்காய்க்கும் நடுவில் ஒரு மூலை. முதல் நாள் மாலைக்குள் பூசணிக்காயைப் பார்க்க ஆளில்லாமல் போனது. அத்தான் கன்னடத்தில் எழுதி வைத்த அட்டைதான் காரணம்: 'இங்கே நிற்பவர் தகப்பனார். பிரசவித்தவரும் அவரே.' பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மாள் அட்டையை வாய்விட்டுப் படித்துவிட்டு, தன் வீட்டு யஜமானரையும் இந்தத் தொட்டியில் ஒரு வாரம் போட்டு எடுக்க முடியுமா என்று கன்னடத்தில் உரக்கக் கேட்டாள். யஜமானர் பூசணிக்காய்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பேராசிரியர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெரியவற்றைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், குனிந்து மறுபடி குஞ்சுகளைப் பார்த்தார்.

"இந்தச் சின்னவையும் தூத்துக்குடியிலிருந்து வந்தவைதானா?"

"இல்லை சார். நஜர்பாத்."

பேராசிரியர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நல்ல மனிதர்தான், அடுத்த கால்மணி நேரத்தில் யாரோ ஒரு திவான் உறவினரிடம், "எங்கள் துறையில் நாங்கள் இதை..." என்று ஆரம்பித்ததைக்கூட அத்தான் பொருட்படுத்தவில்லை. இன்ஸ்பெக்டர்தான் பொறுக்காமல் நடுவில் புகுந்து, "தீனி நானுங்க!" என்றார்.

குளிர்காலத்தில் வெந்நீர்ப் பைகளைத் தொட்டியின் இருபுறமும் சாய்த்து வைத்து அவற்றைக் காப்பாற்றினோம். பெரியவற்றில் இரண்டு போய்விட்டன. குஞ்சுகள் வளர்ந்து எது தாய், எது பிள்ளை என்று தெரியாமல் ஒன்றாக நின்றன. மறு வருஷம் மழைக்காலத்தில், நஜர்பாத்தில் பிறந்து கடலை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு ஆணுக்கு வயிறு பெருத்தது. முதலில் கண்டுபிடித்தது அக்கா. அத்தானிடம் சொல்லவில்லை, அவர் தானாகப் பார்த்துச் சொல்லும்வரை தெரியாத மாதிரி இருந்தாள்.

பிரசவம் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரியில், அத்தான் கல்லூரியில். நான் மாலை வீடு வந்தபோது அக்கா ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். தொட்டி முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகள். சற்று நேரத்தில் வாசலில் அத்தானின் சைக்கிள் மணி கேட்டது.

"வந்திட்டியளா?" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "கையக் கழுவிட்டு மெதுவா வாங்க. பேரப்பிள்ளைக பொறந்திருக்கு."

சைக்கிள் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அத்தான் செருப்புக் காலோடு உள்ளே ஓடிவந்தார்.